யோசெமிட்டியைக் காத்த படங்கள்: கார்ல்டன் வாட்கின்ஸின் கதை

கினபாலு மலையில் ஏறி உச்சியைத் தொடுபவர்கள் முதலில் கையில் எடுப்பது கைப்பேசியைத்தான். ஒரு நொடியில் படம் எடுத்து, மறு நொடியில் குடும்பத்தாருக்கு அனுப்பிவிடலாம். ஏறக்குறைய 160 ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை வேறு. ஒரு மலையைப் பெரிய அளவில் படம் பிடித்து வர, சுமார் 900 கிலோ எடையுள்ள பொருள்களையும் அவற்றைச் சுமக்கப் பன்னிரண்டு கோவேறு கழுதைகளையும் காட்டுக்குள் கொண்டு போக வேண்டியிருந்தது.

அப்படிப் போனவர் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் கார்ல்டன் வாட்கின்ஸ். 1861ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் அவர் எடுத்த படங்கள், மூன்றே ஆண்டுகளில் அந்த இடத்தைப் பொதுமக்களுக்கென ஒதுக்கிய சட்டத்துக்குத் துணை நின்றன. இன்று உலகெங்கும் பரவியிருக்கும் தேசியப் பூங்கா என்ற எண்ணத்தின் வேர்களில் ஒன்று அந்தச் சட்டம்.

ஆனால், ஒரு பள்ளத்தாக்கைக் காப்பாற்ற உதவிய அந்த மனிதரால் தம் உழைப்பின் பலனைக் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை. முதலில் எடுத்த படங்கள் கடன்காரர் கைக்குப் போயின. மீண்டும் எடுத்தவை தீயில் எரிந்தன. பார்வையும் இழந்து, மனநல மருத்துவமனையில் உயிர்விட்ட அவர், பெயர் பொறிக்காத கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

தங்கம் தேடிய காலம்

கார்ல்டன் யூஜின் வாட்கின்ஸ் 1829 நவம்பர் 11ஆம் தேதி நியூயார்க் மாநிலத்தின் ஓனியோண்டா என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை விடுதி நடத்தி வந்தார். அதே ஊரில் கடை வைத்திருந்தவர் கோலிஸ் ஹன்டிங்டன். வாட்கின்ஸைவிட எட்டு வயது மூத்தவர். பின்னாளில் அமெரிக்காவின் பெரும் ரயில்பாதை முதலாளிகளில் ஒருவரானார். இந்த நட்பு வாட்கின்ஸின் வாழ்க்கை முழுவதும் பல வடிவங்களில் தொடர்ந்து வந்தது.

1848இல் கலிபோர்னியாவில் தங்கம் கண்டெடுக்கப்பட்டது. செய்தி பரவியதும் உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் அங்கே குவிந்தார்கள். வாட்கின்ஸும் 1851இல், 21 வயதில், ஹன்டிங்டனோடு கலிபோர்னியா வந்து சேர்ந்தார். தங்கம் தோண்டுகிறவர்களைவிட, தோண்டுகிறவர்களுக்கு மண்வெட்டியும் மாவும் விற்கிறவர்களே நிலையாகச் சம்பாதித்த காலம் அது. சேக்ரமெண்டோ நகரில் ஹன்டிங்டன் கடை திறந்தார். சுரங்க முகாம்களுக்குப் பொருள்களைக் கொண்டு சேர்க்கும் வேலையை வாட்கின்ஸ் பார்த்தார். 1852இல் ஏற்பட்ட பெருந்தீயில் அந்நகரின் பெரும்பகுதி அழிந்தது. அடுத்த ஆண்டு வாட்கின்ஸ் சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்து, ஒரு புத்தகக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

புகைப்படத் தொழில் அவருக்குத் தற்செயலாகக் கிடைத்தது. ராபர்ட் வான்ஸ் என்பவர் அப்போது கலிபோர்னியாவில் பெயர் பெற்ற படக்கூடங்களை நடத்தி வந்தார். சான் ஹோசேயில் இருந்த அவருடைய கிளையில் படம் எடுப்பவர் திடீரென வேலையை விட்டுப் போய்விட்டார். வேறு ஆள் கிடைக்கும்வரை இடத்தைப் பார்த்துக்கொள்ள வாட்கின்ஸ் அனுப்பப்பட்டார். கருவியைக் கையாளவே தெரியாமல் போனவர், அங்கேயே தொழிலைக் கற்றுக்கொண்டார். 1858 வாக்கில் சொந்தமாகத் தொழில் செய்யத் தொடங்கிவிட்டார்.

நீதிமன்றத்தில் சாட்சியான படம்

தொடக்க காலத்தில் வாட்கின்ஸுக்கு வருமானம் தந்தவை சுரங்கங்களும் நில வழக்குகளும். கலிபோர்னியா அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை மெக்சிகோவின் பகுதியாக இருந்தது. ஆட்சி மாறியதும் எந்த நிலம் யாருக்குச் சொந்தம் என்று ஏராளமான வழக்குகள் எழுந்தன. எல்லை எங்கே தொடங்குகிறது, எந்தக் குன்று யார் பக்கம் என்று நீதிபதிகள் அறிய வேண்டியிருந்தது. அவர்கள் ஒவ்வொரு மலையாக ஏறிப் பார்க்க முடியாது.

அந்த இடத்தில்தான் புகைப்படம் உதவியது. வழக்கில் உள்ள நிலத்தை முழுமையாகக் காட்டும் வகையில் எங்கே நின்று படம் எடுக்க வேண்டும் என்று வாட்கின்ஸ் தேர்ந்தெடுத்தார். எடுத்த படத்தைப் பற்றி நீதிமன்றத்தில் சாட்சியமும் சொன்னார். நேரில் பார்க்காத ஒருவருக்கு, பார்த்தது போன்ற உறுதியைத் தர வேண்டும் என்பதே இந்த வேலையின் நோக்கம். தேவையில்லாத அலங்காரத்துக்கு அங்கே இடமில்லை. இந்தப் பயிற்சிதான் அவருடைய பிற்கால மலைப் படங்களின் தெளிவுக்கு அடித்தளம். நீதிபதியை நம்ப வைத்த அதே முறை, பின்னர் சட்டமன்ற உறுப்பினர்களையும் நம்ப வைத்தது.

கழுதைகளோடு ஒரு பயணம்

யோசெமிட்டிப் பள்ளத்தாக்கு சியரா நெவாடா மலைத்தொடரில் உள்ளது. சுமார் 11 கிலோமீட்டர் நீளம், ஒன்றரைக் கிலோமீட்டர் அகலம். இரு புறமும் செங்குத்தான கருங்கல் சுவர்கள். எல் கேப்பிட்டன் என்ற ஒற்றைப் பாறை மட்டும் பள்ளத்தாக்கின் தரையிலிருந்து 900 மீட்டருக்கும் மேல் நிமிர்ந்து நிற்கிறது. பாதியாகப் பிளந்த கும்மட்டம் போன்ற ஹாஃப் டோம் அதையும்விட உயரம். யோசெமிட்டி அருவி மூன்று கட்டமாக 739 மீட்டர் விழுகிறது.

வாட்கின்ஸுக்கு முன்பே 1859இல் சார்ல்ஸ் வீட் என்ற கலைஞர் அங்கே படம் எடுத்திருந்தார். ஆனால், அந்த மலைகளின் பெருமையைக் காட்ட வழக்கமான அளவுப் படங்கள் போதாது என்று வாட்கின்ஸ் கருதினார். அக்காலத்தில் சிறிய படத்தைப் பெரிதாக்கும் முறை இன்று இருப்பதுபோல் கைகூடவில்லை. தாளில் எவ்வளவு பெரிய படம் வேண்டுமோ, அதே அளவு கண்ணாடியில்தான் படம் எடுக்க வேண்டும். ஆகவே, 18 அங்குலத்துக்கு 22 அங்குலம் அளவுள்ள கண்ணாடித் தட்டுகளைப் பயன்படுத்தும் மிகப் பெரிய கேமராவைத் தமக்கென்று ஒரு தச்சரைக் கொண்டு செய்துகொண்டார். இரண்டு வில்லைகள் கொண்ட இன்னொரு கேமராவையும் எடுத்துச் சென்றார். அதில் எடுக்கும் இரட்டைப் படங்களை ஒரு கருவியின் வழியே பார்த்தால் காட்சி ஆழத்தோடு தெரியும்.

பள்ளத்தாக்குக்கு வண்டிப் பாதையே கிடையாது. 1874இல்தான் முதல் வண்டிச்சாலை போடப்பட்டது. 1861இல் கால்நடையாகவோ, குதிரை அல்லது கழுதை மீதோதான் மலைப்பாதையில் போக முடியும். கேமராக்கள், கண்ணாடித் தட்டுகள், மருந்துப் புட்டிகள், இருட்டறையாகப் பயன்பட்ட கூடாரம், சாப்பாட்டுப் பொருள்கள் எல்லாம் கழுதைகளின் முதுகில் ஏறின. ஒரு கழுதை இடறி விழுந்தால் பல நாள் உழைப்பு கண்ணாடித் துண்டுகளாகிவிடும்.

ஈரம் காயுமுன்

அக்காலப் புகைப்பட முறைக்கு ஈரத் தட்டு முறை என்று பெயர். முதலில் கண்ணாடியைத் தூசியில்லாமல் துடைக்க வேண்டும். ஈத்தரும் ஆல்கஹாலும் கலந்து செய்த கொலோடியன் என்ற பசையை அதன் மேல் சீராக ஊற்றிப் பரப்ப வேண்டும். பிறகு இருட்டுக் கூடாரத்துக்குள் வெள்ளி நைட்ரேட் கரைசலில் தட்டை முக்கி எடுக்க வேண்டும். அப்போதுதான் அது ஒளியை உணரும். ஈரம் காயுமுன் தட்டைக் கேமராவில் பொருத்தி, படம் எடுத்து, மறுபடி கூடாரத்துக்கு ஓடி, மருந்தில் கழுவி முடிக்க வேண்டும். பசை காய்ந்துவிட்டால் எல்லாம் வீண்.

வீட்டுச் சன்னல் கண்ணாடி அளவுத் தட்டில், ஒரு மேடுபள்ளமும் வராமல் பசையை ஊற்றுவதே பெரிய கைத்திறன். கோடை வெயிலில், காற்றுப் புகாத கூடாரத்தில், ஈத்தர் நெடிக்கு நடுவே வாட்கின்ஸ் அதைச் செய்தார். ஒரு படத்துக்கு ஒளி விழும் நேரம் பல நொடிகள் நீளும். காற்று அடித்தால் இலைகள் கலங்கித் தெரியும். அதனால் காற்று எழாத காலை வேளைகளை அவர் விரும்பினார். கண்ணாடி ஏரி என்று பெயர் பெற்ற நீர்நிலையில் மலை தலைகீழாகத் தெரியும் படங்கள் அத்தகைய அசைவற்ற நேரத்தில் பிறந்தவை. ஓடும் அருவி நீர் மட்டும் வெண்பட்டுத் துணி போலப் பதிந்தது.

மாரிபோசா என்னும் தோப்பில் உள்ள மாபெரும் செக்கோயா மரங்களையும் அவர் படம் எடுத்தார். அவற்றில் ஒன்று கிரிஸ்லி ஜயன்ட். மரத்தின் அடியில், அக்காட்டை நன்கு அறிந்த கேலன் கிளார்க் நிற்கிறார். மனிதர் ஒரு சிறு குச்சி போலத் தெரிகிறார். மரம் எவ்வளவு பெரியது என்பதைப் படமே சொல்லிவிடுகிறது.

அந்தக் கோடைப் பயணத்திலிருந்து 30 பெரிய தட்டுகளோடும் ஏறக்குறைய 100 இரட்டைப் படத் தட்டுகளோடும் அவர் சான் பிரான்சிஸ்கோ திரும்பினார்.

போர்க்காலத்தில் வந்த மலைகள்

அப்போது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் தொடங்கியிருந்தது. அடிமை முறை பற்றிய பிளவில் வடக்கும் தெற்கும் மோதின. 1862 இலையுதிர்காலத்தில் நியூயார்க்கில் மேத்யூ பிராடியின் கூடத்தில், ஆன்டீட்டம் போர்க்களத்தில் கிடந்த பிணங்களின் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. மக்கள் முதல் முறையாகப் போரின் கோரத்தைப் படத்தில் பார்த்தார்கள். அதே நகரில் அந்த ஆண்டின் இறுதியில் கூபில் கலைக்கூடத்தில் வாட்கின்ஸின் யோசெமிட்டிப் படங்கள் வைக்கப்பட்டன. நாடு உடைந்துகொண்டிருந்த நேரத்தில், அந்நாட்டின் மறுமுனையில் இப்படியோர் இடம் அமைதியாக நிற்கிறது என்று அவை காட்டின.

எழுத்தாளர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1863இல் அப்படங்களைப் பாராட்டி எழுதினார். ஓவியர் ஆல்பர்ட் பியர்ஸ்டாட் அவற்றைப் பார்த்த பிறகு, யோசெமிட்டியை வரைய நேரிலேயே புறப்பட்டுப் போனார்.

1864 பிப்ரவரியில் இஸ்ரேல் வார்ட் ரேமண்ட் என்ற கப்பல் நிறுவன அதிகாரி, கலிபோர்னியாவின் செனட்டர் ஜான் கோன்னஸுக்குக் கடிதம் எழுதினார். பள்ளத்தாக்கையும் செக்கோயா தோப்பையும் தனியார் கைப்பற்றி மரங்களை வெட்டுவதற்குமுன் பாதுகாக்க வேண்டும் என்பது அதன் சாரம். கடிதத்தோடு யோசெமிட்டிப் படங்களும் போயின. வாட்கின்ஸின் படங்களைச் சொந்தமாக வைத்திருந்தவர்களில் கோன்னஸும் ஒருவர். தலைநகர் வாஷிங்டனில் இருந்த பெரும்பாலான உறுப்பினர்கள் அந்த மலைகளை நேரில் கண்டதே இல்லை. அவர்களுக்கு அது கேள்விப்பட்ட பெயர் மட்டுமே. படங்கள்தான் அதைக் கண்ணெதிரே கொண்டு வந்தன.

கோன்னஸ் கொண்டு வந்த மசோதா நிறைவேறியது. 1864 ஜூன் 30ஆம் தேதி அதிபர் ஆபிரகாம் லிங்கன் அதில் கையெழுத்திட்டார். யோசெமிட்டிப் பள்ளத்தாக்கும் மாரிபோசா தோப்பும் கலிபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைக்கப்பட்டன. பொதுமக்கள் வந்து மகிழ்வதற்காக என்றென்றும் காக்க வேண்டும், யாருக்கும் விற்கக் கூடாது என்பது நிபந்தனை. இயற்கை அழகுக்காகவே ஓர் இடத்தை அமெரிக்க நடுவண் அரசு ஒதுக்கியது அதுவே முதல் முறை.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1872இல், யெல்லோஸ்டோன் உலகின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கும் வில்லியம் ஹென்றி ஜாக்சன் எடுத்த புகைப்படங்கள் நாடாளுமன்றத்தில் காட்டப்பட்டன. வாட்கின்ஸின் படங்கள் காட்டிய வழி அது.

படத்தில் இல்லாதவர்கள்

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வாட்கின்ஸின் படங்களைப் பார்ப்பவர்களுக்கு யோசெமிட்டி யாரும் வாழாத இடம் போலத் தோன்றும். உண்மையில் அது அவானீச்சி என்ற பூர்வகுடி மக்களின் ஊர். அவர்கள் அந்தப் பள்ளத்தாக்கை அவானீ என்று அழைத்தார்கள். வாட்கின்ஸ் கலிபோர்னியாவில் கால் வைத்த அதே 1851இல், மாரிபோசா படை என்ற ஆயுதக் குழு பள்ளத்தாக்குக்குள் புகுந்து, அவர்களின் குடியிருப்புகளையும் சேமித்து வைத்த உணவையும் எரித்து, அவர்களை விரட்டியது. தலைவர் தெனாயாவின் பெயர் இன்று அங்குள்ள ஓர் ஏரிக்கு இருக்கிறது. பின்னர் சிலர் திரும்பி வந்து வாழ்ந்தார்கள். ஆனால், புகழ்பெற்ற படங்களில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

வாட்கின்ஸ் காடுகளுக்காகப் போராடியவர் என்றும் சொல்ல முடியாது. சுரங்க நிறுவனங்களும் மர ஆலைகளும் ரயில்பாதைகளும் கேட்டபோதும் படம் எடுத்துக் கொடுத்தார். பீய்ச்சும் தண்ணீரால் மலைகளைக் கரைத்துத் தங்கம் எடுத்த இடங்களையும், யோசெமிட்டியைப் பதிவு செய்த அதே நேர்த்தியோடு பதிவு செய்திருக்கிறார். மலையைக் காத்தவர்களுக்கும் மலையைக் குடைந்தவர்களுக்கும் அவர் கேமரா ஒரே மாதிரிதான் உழைத்தது. கூலிக்கு வேலை செய்யும் கைத்தொழிலாளியாகவே அவர் வாழ்ந்தார்.

புகழின் உச்சி

1865, 1866ஆம் ஆண்டுகளில் கலிபோர்னிய நிலவியல் ஆய்வுக் குழுவோடு சேர்ந்து அவர் மீண்டும் யோசெமிட்டியில் படம் எடுத்தார். புதிய பூங்காவை நிர்வகித்த குழுவின் தலைவரும், நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்தவர்களில் ஒருவருமான பிரெடரிக் லா ஓல்ம்ஸ்டெட், இடத்தின் அழகு கெடாமல் காப்பது எப்படி என்று வாட்கின்ஸிடமும் கருத்துக் கேட்டார். கண்ணாடி ஏரிக்கு மேலே நிற்கும் ஒரு சிகரத்துக்கு மவுண்ட் வாட்கின்ஸ் என்று பெயர் சூட்டப்பட்டது.

1867இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவருடைய படங்கள் பதக்கம் பெற்றன. அதே ஆண்டு ஓரிகன் பகுதிக்குச் சென்று கொலம்பியா ஆற்றின் பள்ளத்தாக்கைப் பதிவு செய்தார். 1870இல் நிலவியலாளர் கிளாரன்ஸ் கிங்குடன் ஷாஸ்டா மலைக்குப் போய், அங்குள்ள விட்னி பனியாற்றைப் படம் பிடித்தார். சான் பிரான்சிஸ்கோவின் மாண்ட்கோமரி தெருவில் யோசெமிட்டி கலைக்கூடம் என்ற பெயரில் அழகிய கூடம் ஒன்றை நடத்தினார். சுவர் நிறையப் பெரிய படங்கள் சட்டமிட்டு மாட்டியிருந்தன.

ஆனால், படம் எடுத்த கைக்குக் கணக்குப் பார்க்கத் தெரியவில்லை. அக்காலத்தில் படக்கலைஞர்களுக்குச் சட்டப் பாதுகாப்பும் குறைவு. அமெரிக்காவில் புகைப்படங்களுக்குப் பதிப்புரிமை 1865இல்தான் கிடைத்தது. வாட்கின்ஸின் புகழ்பெற்ற முதல் யோசெமிட்டிப் படங்கள் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே எடுக்கப்பட்டவை. மற்றவர்கள் அவற்றை நகலெடுத்து விற்றபோது அவரால் தடுக்க முடியவில்லை.

கைமாறிய கண்ணாடிகள்

பெரிய கூடத்துக்காக வாட்கின்ஸ் கடன் வாங்கியிருந்தார். 1870களின் நடுவில் பொருளாதாரம் சரிந்தது. 1875 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் மிகப் பெரிய வங்கியே கதவை மூடியது. கடனைத் திருப்பிக் கட்ட வாட்கின்ஸிடம் பணம் இல்லை. கூடமும், அதில் இருந்த படங்களும், அவை எல்லாவற்றுக்கும் மூலமான கண்ணாடித் தட்டுகளும் கடன் கொடுத்த ஜான் குக்கின் வசம் போயின. குக்கோடு சேர்ந்து அந்தக் கூடத்தை நடத்தியவர் ஐசேயா டேபர் என்ற இன்னொரு புகைப்படக்காரர்.

ஒரு புகைப்படக் கலைஞருக்குக் கண்ணாடித் தட்டுதான் விதைநெல். அது கையில் இருந்தால் எத்தனை பிரதிகள் வேண்டுமானாலும் போட்டு விற்கலாம். அது போய்விட்டால் எடுத்த படம் எடுத்தவருக்கே சொந்தமில்லை. டேபர் அந்தத் தட்டுகளிலிருந்து பிரதிகள் போட்டு, அடியில் தம் பெயரைப் பொறித்து விற்றார். கழுதைகளோடு மலையேறி, கூடாரத்தில் நெடியைச் சுவாசித்து வாட்கின்ஸ் எடுத்த யோசெமிட்டி, சந்தையில் டேபரின் யோசெமிட்டியாக மாறியது. தட்டுகளின் உரிமையாளர் அப்படிச் செய்வதை அன்றைய சட்டம் தடுக்கவில்லை.

அப்போது வாட்கின்ஸுக்கு வயது நாற்பதுகளின் பிற்பகுதி. ஹன்டிங்டன் போன்ற நண்பர்கள் இருந்தார்கள். புது முதலாளியிடம் கூலிக்குச் சேர்ந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. மறுபடியும் கேமராவைத் தூக்கிக்கொண்டு, இழந்த காட்சிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுக்கப் புறப்பட்டார். புதிய வரிசை என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார். எல் கேப்பிட்டனும் ஹாஃப் டோமும் அருவிகளும் இரண்டாம் முறையாக அவருடைய கண்ணாடியில் பதிந்தன. தெற்கு கலிபோர்னியா, அரிசோனா, பழைய ஸ்பானிய தேவாலயங்கள், புதிய ரயில்பாதைகள் என்று பயணம் நீண்டது. இருபது ஆண்டுகளில் இன்னொரு பெரும் சேகரிப்பை அவர் உருவாக்கிவிட்டார்.

1879இல், தம் ஐம்பதாவது பிறந்தநாளன்று, படக்கூடத்தில் தம்முடன் பணியாற்றிய பிரான்சிஸ் ஸ்னீடை மணந்தார். மகளுக்கு ஜூலியா என்றும், மகனுக்கு நண்பரின் நினைவாகக் கோலிஸ் என்றும் பெயரிட்டார்கள்.

பார்வை மங்கியது

1890களில் வாட்கின்ஸின் கண்பார்வை குறையத் தொடங்கியது. மூட்டுவலியும் வாட்டியது. பெரிய கேமராவைத் தூக்க உடலிலும் வலுவில்லை. சிறிய கேமராக்களும் மலிவான படச்சுருளும் சந்தைக்கு வந்ததால் பழைய பெரிய படங்களுக்குக் கிராக்கியும் குறைந்தது. வாடகை கட்ட முடியாத நிலையில், குடும்பம் ஒன்றரை ஆண்டு காலம் பயன்பாட்டில் இல்லாத ரயில் பெட்டி ஒன்றில் வசித்தது. ரயில்பாதைகளைப் புகழ்பெறச் செய்த கலைஞருக்கு அதே ரயிலின் பழைய பெட்டிதான் வீடாயிற்று. பழைய நண்பர் ஹன்டிங்டன் முன்வந்து, யோலோ மாவட்டத்தில் கேப்பே என்ற இடத்தில் ஒரு சிறு பண்ணையை வாட்கின்ஸ் பெயருக்கு எழுதிக் கொடுத்தார்.

கையில் மிஞ்சியிருந்த ஒரே சொத்து, சான் பிரான்சிஸ்கோ படக்கூடத்தில் இருந்த தட்டுகளும் பிரதிகளும்தான். நண்பர் சார்ல்ஸ் டரில் அவற்றை ஒழுங்குபடுத்த உதவி செய்தார். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் சேகரிப்பை வாங்குவது பற்றிப் பேச்சு நடந்து வந்தது. அது கைகூடினால் முதுமைக் காலத்துக்குப் பணமும் கிடைக்கும், படங்களும் பாதுகாப்பான இடம் சேரும்.

1906 ஏப்ரல் 18, விடிகாலை 5.12 மணிக்கு சான் பிரான்சிஸ்கோவைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. அதைத் தொடர்ந்த தீ மூன்று நாள் எரிந்தது. 28,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. வாட்கின்ஸின் படக்கூடமும், அதில் இருந்த அனைத்தும் சாம்பலாயின. டேபரின் கூடமும் தப்பவில்லை. அவரிடம் இருந்த வாட்கின்ஸின் பழைய கண்ணாடிகளும் அந்தத் தீயிலேயே போயின. கடனில் இழந்தவையும் இழந்த பிறகு மீண்டும் எடுத்தவையும் ஒரே நெருப்பில் முடிந்தன.

அன்றைய தினம் எடுக்கப்பட்ட ஒரு படம் இன்றும் இருக்கிறது. வெண்தாடி வைத்த முதியவர், கையில் ஊன்றுகோலுடன், மற்றவர்கள் துணைக்கு வரத் தெருவில் நடத்திச் செல்லப்படுகிறார். அவர்தான் வாட்கின்ஸ். ஆயிரக்கணக்கான படங்களை எடுத்தவரைப் பலருக்கு இன்று நினைவூட்டுவது, வேறொருவர் எடுத்த அந்தப் படமே.

1916

அந்த அதிர்ச்சியிலிருந்து அவர் மீளவில்லை. சில ஆண்டுகள் குடும்பத்தாரின் பராமரிப்பில் இருந்தார். 1910இல் நாப்பா மாநில மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1916 ஜூன் 23ஆம் தேதி, 86 வயதில், அங்கேயே காலமானார். மருத்துவமனை வளாகத்திலேயே அடையாளக் கல் இல்லாமல் அடக்கம் நடந்தது.

அவர் படங்கள் தொடங்கி வைத்த வேலை மட்டும் நிற்காமல் நடந்தது. பள்ளத்தாக்கைச் சுற்றியிருந்த மலைப்பகுதி 1890இல் யோசெமிட்டி தேசியப் பூங்காவானது. மாநிலத்திடம் இருந்த பள்ளத்தாக்கும் மாரிபோசா தோப்பும் 1906இல் நடுவண் அரசிடம் திரும்பி, பூங்காவோடு இணைந்தன. வாட்கின்ஸின் கண்ணாடிகள் எரிந்த அதே ஆண்டு அது. அவர் இறந்த இரண்டு மாதங்களில், 1916 ஆகஸ்ட் 25ஆம் தேதி, அமெரிக்காவின் எல்லாத் தேசியப் பூங்காக்களையும் பராமரிக்கும் தேசியப் பூங்காச் சேவை நிறுவப்பட்டது.

அதே 1916 ஜூன் மாதம், 14 வயதுச் சிறுவன் ஒருவன் பெற்றோருடன் முதல் முறையாக யோசெமிட்டிக்குச் சுற்றுலா வந்தான். கையில் ஒரு சின்னப் பெட்டிக் கேமரா. அவன் பெயர் ஆன்சல் ஆடம்ஸ். பின்னாளில் யோசெமிட்டி என்றாலே உலகம் நினைக்கும் கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்தவர் அவர்தான். ஒருவர் நாப்பாவில் கடைசி நாள்களைக் கழித்துக்கொண்டிருந்தபோது, அதே மாநிலத்தில் மற்றவர் அதே பாறைகளைப் பார்த்து முதல் படத்தை எடுத்துக்கொண்டிருந்தார்.

எஞ்சியவை

கண்ணாடிகள் போனாலும், வாட்கின்ஸ் தம் காலத்தில் விற்ற பிரதிகள் வாங்கியவர்களின் வீடுகளிலும் நூலகங்களிலும் தங்கிவிட்டன. முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில், வெயிலில் வைத்து அச்சிட்ட பிரதிகள் அவை. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆய்வாளர்கள் அவற்றைத் தேடிச் சேர்க்கத் தொடங்கினார்கள். அடியில் டேபரின் பெயர் இருந்த பல படங்கள் உண்மையில் வாட்கின்ஸுடையவை என்று நிறுவினார்கள். பெரிய அளவுப் படங்கள் மட்டும் ஆயிரத்துக்கும் மேல் என்று கணக்கிடப்பட்டு, 2011இல் கெட்டி அருங்காட்சியகம் அவற்றின் முழுப் பட்டியலை நூலாக வெளியிட்டது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலும், வாஷிங்டனின் காங்கிரஸ் நூலகத்திலும் அவர் படங்கள் பாதுகாக்கப்படுகின்றன. 1906இல் பேச்சு நடத்திய ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்திலும் இன்று அவருடைய படத்தொகுப்புகள் இருக்கின்றன. 2014இல் அவற்றைக் கொண்டு அங்கே கண்காட்சியும் நடந்தது.

கல்லறையில் பெயர் இல்லாவிட்டாலும் மலையில் இருக்கிறது. யோசெமிட்டி போகிறவர்கள் கண்ணாடி ஏரிக் கரையில் நின்று மேலே பார்த்தால் மவுண்ட் வாட்கின்ஸ் தெரியும். காற்று எழாத காலை நேரமானால், தண்ணீரிலும் தெரியும்.